அலையும் அலைதலும்: ஜோன் ஜோனாஸின் வீடியோ கலையில் கெல்டிக் மரபு

1

ஐரோப்பாவின் மேற்கு விளிம்பில், அட்லாண்டிக் பெருங்கடல் மோதும் கரைகளில், கெல்டிக் மொழிகளைப் பேசிய மக்கள் வாழ்ந்தனர். அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் மேட்டு நிலம், வேல்ஸ், கார்ன்வால், பிரான்சின் பிரிட்டனி ஆகியவை அவர்களின் தாயகங்கள். கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றைப் புரட்டினால் இதே ஊர்ப் பெயர்கள் மீண்டும் எதிர்ப்படுவதைக் காண்கிறோம். 1901 டிசம்பரில் மார்க்கோனி கார்ன்வாலின் போல்டூவிலிருந்து கடல் கடந்து சமிக்ஞை அனுப்பினார். 1907-இல் அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே, சதுப்பு நிலத்தின் நடுவே, அங்கேயே வெட்டியெடுத்த முற்றா நிலக்கரியை எரித்து இயங்கிய நிலையத்திலிருந்து கனடாவின் கேப் பிரிட்டன் தீவுக்கு வணிகத் தந்திச் சேவை தொடங்கியது. 1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்த தொலைக்காட்சிப் படத்தைப் பிரிட்டனியின் ப்ளூமர்-போது என்ற சிற்றூர் பெற்றுக்கொண்டது. அவ்வூரிலேயே நெட்டுக்குத்தாக நிறுத்தப்பட்ட தொல்பழங்காலக் கல் ஒன்றும் நிற்கிறது.

இதில் மர்மம் ஏதுமில்லை. அமெரிக்காவை நோக்கி அலையை அனுப்பவும் பெறவும் ஐரோப்பாவின் மேற்குக் கோடியே ஏற்ற இடம். கெல்டிக் மொழிகள் எஞ்சியதும் அதே கோடியில்தான். நடுநிலத்தின் வலிய மொழிகள் அவற்றை அங்கே தள்ளிவிட்டன. இரு வேறு காரணங்கள் ஒரே நிலப்பரப்பில் வந்து சேர்ந்தன. ஆயினும் கல்லையும் கோபுரத்தையும் ஒரே சட்டத்திற்குள் கண்ட மாத்திரத்தில் பலருடைய கற்பனை சிறகு விரிக்கிறது. மூதாதையரின் குரல் மின்னலையில் மிதக்கிறது என்பதாக ஒரு வகைக் கலை பிறந்துவிட்டது. மூடுபனி, சுழலும் பின்னல் முடிச்சு, மின்னணு யாழோசை, வண்ணம் மாற்றப்பட்ட கல் வட்டம் என அதன் சரக்குகள் எங்கும் ஒன்றே. அக்கல் வட்டங்கள், கெல்டிக் மொழி பேசியோரின் காலத்துக்கு ஆயிரமாண்டுகளேனும் முந்தியவை என்ற எளிய உண்மைகூட அங்கே பொருட்படுத்தப்படுவதில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: மரபையும் மின்னணுச் சமிக்ஞையையும் ஒருசேரக் கையாளும் கலைஞர், அவ்விரண்டைக் கொண்டும் சிந்திக்கிறாரா, அன்றி ஒன்றின் மீது மற்றொன்றைப் பூச்சாகப் பூசுகிறாரா? இக்கேள்விக்கு விடை தேட ஜோன் ஜோனாஸின் சில படைப்புகளை எடுத்துக்கொள்கிறோம். இவர் கெல்டிக் மரபில் பிறந்தவர் அல்லர். 1936-இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிற்பம் பயின்றவர். 1970-இல் ஜப்பானுக்குச் சென்றபோது கையில் தூக்கிச் செல்லத்தக்க போர்ட்டாபேக் வீடியோ கருவியை வாங்கி வந்து, அக்கலையின் முன்னோடிகளுள் ஒருவரானவர். பிறர் மரபைக் கையாளுபவர் என்பதாலேயே அவரை உரைத்துப் பார்ப்பது பயனுள்ளதாகிறது.

2

முதலில் சமிக்ஞை. 1972-இல் ஜோனாஸ் உருவாக்கிய ‘வெர்டிகல் ரோல்’ ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் கறுப்பு வெள்ளைப் படைப்பு. அதன் பெயர் ஒரு பழுதின் பெயர். பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்திருந்தோர் அப்பழுதை மறந்திருக்க மாட்டார்கள்: படம் நிலைகொள்ளாமல் மேலும் கீழுமாக உருண்டோடும், இடையே ஒரு கருநிறப் பட்டை கடந்து செல்லும், வீட்டில் எவரேனும் எழுந்துபோய்ப் பெட்டியின் திருகைத் திருப்பி அதைச் சரிசெய்வார்கள்.

அப்பழுது நேரும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். தொலைக்காட்சித் திரையில் முழுப்படம் என்று ஒன்று எப்பொழுதும் இருப்பதில்லை. ஓர் ஒளிப்புள்ளி வரிவரியாக ஓடித் திரையை நிரப்புகிறது. அமெரிக்க முறையில் ஒரு படத்திற்கு 525 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஒரு படம் முடிந்தது, அடுத்தது தொடங்கட்டும் என்று சொல்லும் துடிப்பொன்றும் சமிக்ஞையோடு சேர்ந்தே வருகிறது. அனுப்பும் கருவியும் பெறும் கருவியும் அத்துடிப்பில் ஒத்துப்போகும் வரை படம் நிலையாக நிற்கும். ஒத்திசைவு தவறினால், எங்கே தொடங்குவதென அறியாமல் படம் உருளத் தொடங்கும். கடந்து செல்லும் கருநிறப் பட்டை, இரு படங்களுக்கு இடையே நம் கண்ணுக்கு வழக்கமாக மறைக்கப்பட்டிருக்கும் வெற்றிடமே.

ஜோனாஸ் இப்பழுதை வேண்டுமென்றே ஏற்படுத்தி, உருளும் திரையை மீண்டும் படம்பிடித்தார். உருளும் சட்டத்திற்குள் ஒரு பெண்ணின் முகம், கை, கால், வேடம் தரித்த உருவம் ஆகியன துண்டு துண்டாகத் தோன்றி மறைகின்றன. கரண்டி மோதும் கூரிய ஓசை, ஒவ்வொரு உருளலுக்கும் ஓர் அடியாக, இடைவிடாது ஒலிக்கிறது. படமே அடி வாங்கிக் கீழே விழுந்து எழுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. பெண்ணுடலைக் காட்சிப்பொருளாக்கி விற்ற தொலைக்காட்சியின் கருவியைக் கொண்டே அவ்வுடலைப் பார்வைக்கு அகப்படாமல் செய்கிறது இப்படைப்பு. பார்வையாளர் எதையும் நின்று அனுபவிக்க இயலாது. கண் நிலைகொள்வதற்குள் கருநிறப் பட்டை வந்து துடைத்துவிடும். இறுதியில் கலைஞரின் முகம் உருளும் திரைக்கும் நமக்கும் இடையே நுழைந்து நம்மை நேராக நோக்குகிறது. அம்முகம் உருளவில்லை. திரைக்குள் இருந்ததும் திரைக்கு வெளியே இருப்பதும் வெவ்வேறு என்பதை அதுவரை கண்டவற்றைக் காட்டிலும் அந்த ஒரு கணம் தெளிவாக உணர்த்துகிறது.

இப்படைப்பில் கெல்டிக் மரபு எதுவுமில்லை. ஆயினும் பின்னர் வருவதற்கு இதுவே திறவுகோல் எனக் கருதுகிறோம்.

3

‘சுவீனியின் பித்து’ என்று பொருள்படும் பழைய ஐரிஷ் நூல் உரைநடையும் பாட்டும் விரவியது. ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றதாகக் கருதப்படுவது. அதன் கதை நிகழும் காலமோ கி.பி. 637, அதாவது மதீனாவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஆட்சி புரிந்த ஆண்டுகள். அயர்லாந்தின் வடபகுதிச் சிற்றரசன் சுவீனி. தன் நிலத்தில் ரோனான் என்ற துறவி தேவாலயம் ஒன்றை எழுப்ப அளவெடுக்கிறார். அவருடைய மணியோசை மன்னனின் காதில் விழுகிறது. சினம் கொண்டு எழுந்தோடியவனை மனைவி மேலாடையைப் பற்றித் தடுக்கிறாள். ஆடை அவள் கையில் நிற்க, வெற்றுடம்புடன் ஓடி, துறவி ஓதிக்கொண்டிருந்த சங்கீத வேதத்தைப் பறித்து ஏரியில் எறிகிறான். நீர்நாய் ஒன்று அந்நூலை ஓர் எழுத்தும் அழியாமல் கரைசேர்க்கிறது. பின்னர் அவன் எறிந்த ஈட்டி துறவியின் சீடர் ஒருவரைக் கொல்கிறது. மற்றொன்று மணியை உடைக்கிறது. ரோனானின் சாபம் பலிக்கிறது. மாக் ராத் போர்க்களத்தில் இரு படைகளின் பேரொலி எழுந்ததும் சுவீனியின் சித்தம் கலங்குகிறது. ஆயுதம் கையிலிருந்து நழுவ, பறவையைப் போல மரத்துக்கு மரம் தாவி, நீர்க்கீரையைத் தின்று, குளிரில் நடுங்கி, பாடிக்கொண்டே ஆண்டுக்கணக்கில் அலைகிறான். கடைசியில் மோலிங் என்ற துறவியின் மடத்தருகே தங்குகிறான். அவர் அவனுடைய வரலாற்றை எழுதி வைக்கிறார். நாள்தோறும் பால் ஊற்றும் பணிப்பெண்ணின் கணவன் பொறாமையால் ஈட்டி எறிய, ஆலய வாயிலில் உயிர் துறக்கிறான்.

நம் வாசகர்களுக்கு இங்கே மஜ்னூன் நினைவுக்கு வருவது இயல்பு. அவனும் 7-ஆம் நூற்றாண்டின் அரபு நிலத்தவன் என்றே மரபு சொல்கிறது. ஊரை விட்டகன்று விலங்குகளோடு உறவாடி, பித்தின் நடுவே கவிதை பொழிந்தவன். நிஜாமி தம் ‘லைலா மஜ்னூன்’ காப்பியத்தைப் பாரசீகத்தில் முடித்த ஆண்டு 1188. ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை, சொல்லவும் தேவையில்லை. வேறுபாடே நமக்கு முக்கியம். மஜ்னூனைப் பித்தனாக்கியது காதல். சுவீனியைப் பித்தனாக்கியது ஓசை: முதலில் மணியோசை, பின்னர் போர்க்களத்தின் கூச்சல்.

அயர்லாந்தின் கவிஞர் ஷேமஸ் ஹீனி 1983-இல் இதனை ஆங்கிலத்தில் ‘ஸ்வீனி அஸ்ட்ரே’ என வெளியிட்டார். இடம்பெயர்ந்து, குற்றவுணர்வோடு, தன் சொல்லாலேயே தன்னைத் தேற்றிக்கொள்ளும் கலைஞனின் உருவம் என்று சுவீனியை அவர் கண்டார். அவ்வாக்கத்தை அடியொற்றி 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் நடிப்பும் வீடியோவும் இணைந்த நிகழ்த்துகையாக ஜோனாஸ் அதை மேடையேற்றினார். பின்னர் அது அருங்காட்சியகத்திற்குரிய காட்சியமைப்பாகவும் மாறியது. அறிந்த இடங்களை நினைத்தாலே வெறுப்புறுகிற ஒருவனின் நிலையை அதன் நெடிய தலைப்பு குறிக்கிறது.

‘வெர்டிகல் ரோலை’ அறிந்தவர்கள் இத்தேர்வைக் கண்டு வியக்க மாட்டார்கள். மணி என்பது ஒரு துடிப்பு. பொழுது தொடங்கியது, தொழுகைக்கு வாருங்கள், இங்கே நில்லுங்கள் என்று ஒரு சமூகத்தை ஒரே காலத்தில் நிறுத்திவைப்பது அதுவே. அந்த மணியை உடைத்தவன் நிலைகொள்ளாமல் உருள்கிறான். எந்த இடமும் அவனுக்குத் தொடக்கமாகவும் இல்லை, முடிவாகவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் மின்னணுத் திரையில் ஜோனாஸ் செய்து பார்த்ததை அந்த ஐரிஷ் நூல் ஒரு மனிதனின் வாழ்விலே சொல்லியிருக்கிறது. தமிழில் அலை என்ற பெயர்ச்சொல்லும் அலைதல் என்ற வினையும் ஒரே வேரில் நிற்பது நமக்கு இவ்வொப்புமையை எளிதாக்குகிறது.

ஆயினும் ஒரு குறையை நாம் சொல்லாமல் விட முடியாது. மூலநூலில் அலைதல் கதையின் பாதியே. மறு பாதி மீட்சி: எறியப்பட்ட வேதம் அழியாமல் திரும்புகிறது, பித்தன் ஆலய வாயிலுக்குத் திரும்புகிறான், அவன் சொன்னது எழுத்தில் ஏறுகிறது. ஜோனாஸ் தம் தலைப்புக்கு எடுத்துக்கொண்டது அலைச்சலையே. அலைபவனைக் கலைஞனாகக் காணும் ஹீனியின் பார்வையும் அதற்கு வழி வகுத்தது. நவீனக் கலைக்குப் பித்தன் வேண்டும். அவனை மன்னித்து, அமர்த்தி, பால் கொடுத்து, எழுதி வைத்த மோலிங்கை அது அவ்வளவாகத் தேடுவதில்லை. சாபத்தை வைத்துக்கொண்டு தவ்பாவைக் கழித்துவிடுவது கதையை நவீனமாக்கலாம். அக்கதையைப் பல நூற்றாண்டுகள் சுமந்து வந்த சமூகம் அதில் எதைக் கண்டதோ அது அங்கே மங்கிவிடுகிறது.

4

ஏரியில் எறியப்பட்ட வேதம் அழியாமல் மீண்டது என்பதைப் புராண அலங்காரம் என ஒதுக்கிவிடலாம். 2006 ஜூலையில் அயர்லாந்தின் டிப்பரரி மாவட்டத்தில் ஃபேடன் மோர் என்ற சதுப்பு நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு நூல் வெளிப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சார்ந்த அந்தக் கையெழுத்துப் படி, சுவீனி எறிந்ததைப் போன்றே ஒரு சங்கீத வேதம். தாளின் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தாலும் மையின் இரசாயனம் காத்த எழுத்துகள் பல தனித்தனியே மிஞ்சியிருந்தன. ஆண்டுக்கணக்கில் நடந்த பாதுகாப்புப் பணியில் அதன் தோல் உறையின் உட்புறத்தில் பாப்பிரஸ் ஒட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. பாப்பிரஸ் நைல் நதிக்கரையின் பொருள். எகிப்து அக்காலத்தில் அப்பாஸியக் கிலாஃபத்தின் பகுதி. ஐரோப்பாவின் கடைக்கோடியில் எழுதப்பட்ட நூலின் மேலட்டைக்குள் எகிப்தியக் கோரைத்தாள் இருந்தது என்பது அந்நாளின் கடல்வழிகளைப் பற்றி நமக்குப் பலவற்றைச் சொல்லும்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது, கார்க் மாவட்டத்தின் பாலிகாட்டின் அருகே சதுப்பு நிலத்தில் கிடைத்து, இப்பொழுது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள சிலுவை வடிவ ஆடை ஊசி. 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, பொன்முலாம் பூசிய அவ்வூசியின் நடுவே பதிக்கப்பட்ட கண்ணாடிக் கல்லில் கூஃபி எழுத்துகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை ‘பிஸ்மில்லாஹ்’ என்று படித்தோர் உண்டு. வேறு வகையாகப் படித்தோரும் உண்டு. சிலுவையை அணிந்தவர் அதன் பொருளை அறிந்திருந்தார் என நினைக்க இடமில்லை. அவருக்கு அது தொலைவிலிருந்து வந்த அழகிய கல். நமக்கு அது வாசகம்.

இந்த ஊசி நம் விவாதத்திற்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு சமிக்ஞை கடல் கடந்து வந்து சேர்ந்துவிட்டது, எழுத்து சிதையவில்லை, ஆயினும் பெற்றவரிடம் அதற்கான வாசிப்பு இல்லை. அணிகலனாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட சுழலும் முடிச்சுகளும் மூடுபனியும் இதே வகையைச் சார்ந்தவை. கெல்டிக் மரபின் வடிவம் அவற்றில் வந்து சேர்கிறது. வாசகம் வந்து சேர்வதில்லை. அந்த அணிகலனை நாம் பழிக்கவில்லை. அதைக் காப்பாற்றித் தந்தவர் பொருள் அறியாமலே காப்பாற்றியிருக்கிறார். ஆனால் அணிவதைப் படிப்பதாக எவரும் மயங்கலாகாது.

5

ஜோனாஸ் படிக்க முயன்றார் என்பதற்கு வலுவான சான்று அவர் வாழ்ந்த இடமே. 1970-களின் தொடக்கம் முதல் கோடைக்காலங்களை அவர் கேப் பிரிட்டன் தீவில் கழித்து வந்துள்ளார். கிளிஃப்டனிலிருந்து புறப்பட்ட மார்க்கோனியின் அலைகள் சென்றடைந்த அதே தீவு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, ஸ்காட்லாந்தின் மேட்டு நிலத்திலிருந்து நிலவுடைமையாளர்களால் வெளியேற்றப்பட்டும் வறுமையால் பெயர்ந்தும் வந்த கேலிக் மொழியினர் அங்கே குடியேறினர். பாட்டையும் கதையையும் தவிர அவர்கள் கொண்டுவந்த பொருள் அதிகமில்லை. அவர்களின் நம்பிக்கைகளுள் ஒன்று ‘இரு பார்வை’: கண்முன் இருப்பதையும் இனி நிகழவிருப்பதையும் ஒருசேரக் காணும் ஆற்றல் சிலருக்கு உண்டு என்பது. மரணத்திற்கு முன்னோட்டமாக ஓர் ஒளி தோன்றும், அல்லது தச்சு வேலையின் ஓசை கேட்கும் என்பன போன்ற கதைகளும் அங்கே வழங்கின. நாம் அந்நம்பிக்கையை ஏற்கவில்லை. மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது. எனினும் கதை சொல்லும் மக்களின் துயரத்தைக் கதையிலிருந்து அறிந்துகொள்ள அதை நம்ப வேண்டியதில்லை.

2015-இல் வெனிஸ் இருபதாண்டுக் கண்காட்சியென மயங்கவேண்டாத, ஈராண்டுக்கொருமுறை நிகழும் அப்பெருங்கண்காட்சியில், அமெரிக்க மண்டபத்திற்காக ஜோனாஸ் உருவாக்கிய படைப்பின் பெயர் ‘சொல்லின்றி அவை நம்மிடம் வருகின்றன’ என்று பொருள்படும். நடுவரின் சிறப்புக் குறிப்பையும் அது பெற்றது. தேனீ, மீன், காற்று, கண்ணாடி எனத் தலைப்பிட்ட அறைகளில், முன்னரே எடுத்த நிலக்காட்சிகள் ஓடும் திரையின் முன்னே சிறுவர்கள் எளிய அசைவுகளைச் செய்கிறார்கள். அவர்களின் மேலும் அக்காட்சிகள் விழுகின்றன. கேப் பிரிட்டனின் வாய்மொழி மரபிலிருந்து எடுத்த ஆவிக் கதைகளின் துணுக்குகள் அறைக்கு அறை தொடர்ந்து ஒலிக்கின்றன. எந்தக் கதையும் முழுமையாகச் சொல்லப்படுவதில்லை.

இங்கே ‘இரு பார்வை’ ஒரு நம்பிக்கையாகக் காட்டப்படாமல் பார்க்கும் முறையாகவே மாறிவிடுகிறது. 1972-இன் நிகழ்த்துகைகளிலேயே ஜோனாஸ், மேடையில் நிற்கும் உடலையும் அதே நேரத்தில் கருவி காட்டும் அதன் துண்டையும் பார்வையாளர் முன் ஒருசேர வைத்தவர். இப்பொழுது குழந்தையின் உடலையும், அதன்மேல் படியும் கடந்த காலத்தின் ஒளியையும் ஒருசேர வைக்கிறார். தேனீக்களும் மீன்களும் அருகிவரும் உலகில், அச்சிறுவர்களுக்கு எது எஞ்சும் என்ற கவலை அப்பழைய கதைகளுக்குள் வந்து அமர்கிறது. முன்னோட்டம் என்ற பழஞ்சொல் இங்கே மெய்யான பொருள் பெறுகிறது. மூடுபனியோ முடிச்சோ தேவைப்படவில்லை. சுவீனியில் நாம் கண்ட குறை இங்கே பெருமளவு நீங்கியிருக்கிறது. அலைபவனின் தனிமைக்கு மாறாக, முதியோரிடம் கேட்டதைச் சிறுவரிடம் சேர்ப்பிக்கும் செயல் நடுவே நிற்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கதைகள் ஆங்கிலத்தில் ஒலிக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அத்தீவில் பல்லாயிரவர் பேசிய கேலிக், இன்று முதியோர் சிலரிடமும் முயன்று கற்பவர்களிடமுமே வாழ்கிறது. பள்ளியில் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறை தன் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கத் தயங்கியது. ஆவிகள் மொழி மாறியும் உயிர்வாழ்கின்றன. மொழி அவ்வாறு உயிர்வாழவில்லை. ‘சொல்லின்றி’ என்ற தலைப்பை நாம் இந்தக் கோணத்திலும் படிக்கிறோம். கலைஞர் அதைக் கருதினாரோ இல்லையோ, அத்தலைப்பின் மிகக் கனத்த பொருள் அதுவே என நமக்குத் தோன்றுகிறது.

6

‘வெர்டிகல் ரோலுக்கு’ மீண்டும் வருவோம். அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்களின் பழைய வகை ஒளிபரப்பு 2009 ஜூனில் நின்றது. அயர்லாந்தில் 2012 அக்டோபரில் நின்றது. இன்றைய திரைகளில் படம் உருள்வதில்லை. சமிக்ஞை குன்றினால் அது உறைந்து நிற்கும், அல்லது சதுரம் சதுரமாகச் சிதறும். திருகு உள்ள பெட்டியையே கண்டிராத இளைஞர் ஒருவர் 2024-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் நடந்த ஜோனாஸின் பெருங்கண்காட்சியில் அப்படைப்பின் முன் நின்றிருந்தால், அவர் கண்டது பழுதாக இருந்திருக்காது. ஒரு விசித்திர அழகாக இருந்திருக்கும். பாலிகாட்டின் ஊசியை அணிந்தவர் கண்ணாடிக் கல்லைப் பார்த்ததுபோல.

அரை நூற்றாண்டுக்குள் மின்னணுச் சமிக்ஞையே மரபாகிவிட்டது. பொருள் சொல்ல ஆள் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டது. கல்லில் கீறிய எழுத்துக்கும் சதுப்பில் கிடந்த நூலுக்கும் நேர்ந்தது இதற்கு இவ்வளவு விரைவில் நேரும் என்று அதைக் கண்டுபிடித்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். நாடாக்கள் பழுதுறுமுன் வேறு வடிவத்திற்கு மாற்றப்பட்டுள்ளன. அப்பணியைச் செய்தோர் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் அந்த உருளல் என்ன, அந்தக் கருநிறப் பட்டை எதை மறைத்திருந்தது, வீட்டில் யார் எழுந்துபோய்த் திருகைத் திருப்பினார்கள் என்பவற்றையும் எவரேனும் எழுதி வைக்க வேண்டும். சுவீனியின் கதை நம்மை வந்தடைந்தது அவன் நன்றாகப் பாடியதால் மட்டுமன்று. மடத்தின் வாயிலில் அமர்ந்து ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார் என்று அந்நூலே சொல்கிறது.